தமிழ்நாட்டிலிருந்து இந்திப் பேராசிரியராக: நவீன இந்தி இலக்கியத்திலும் மொழி கற்பித்தலிலும் கல்விப்பணிக்கான முழுமையான வழிகாட்டி

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் இந்தி இலக்கியத்தில் ஆய்வு செய்து பேராசிரியராக முடியுமா என்று கேட்டு வரும் மாணவர்களிடம் நான் முதலில் காமில் புல்கே அவர்களைப் பற்றித்தான் சொல்வேன். பெல்ஜியத்தில் 1909-இல் பிறந்து, 1935-இல் இயேசு சபைத் துறவியாக இந்தியாவுக்கு வந்த அவர், அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இந்தியில் எம்.ஏ. முடித்து, இராமகதையின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து 1949-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வேடுகளை ஆங்கிலத்தில் எழுதுவதே அன்றைய விதியாக இருந்தது. இந்தி பற்றிய ஆய்வை இந்தியிலேயே எழுதுவேன் என்று அவர் உறுதியாக நின்றதால், பல்கலைக்கழகம் தன் விதியைத் தளர்த்தியது. பின்னர் ராஞ்சி தூய சவேரியார் கல்லூரியில் இந்தித் துறைக்குத் தலைமை ஏற்ற அவர் 1968-இல் வெளியிட்ட ஆங்கில-இந்தி அகராதியை மொழிபெயர்ப்பாளர்கள் இன்றும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறார்கள்.

புல்கே விதிவிலக்கு என்று எண்ண வேண்டாம். நவீன இந்தி எழுத்தின் முன்னோடிகள் பலருக்கு, இன்று பாடநூல்களில் இருக்கும் கடிபோலி இந்தி வீட்டுமொழியாக இருக்கவில்லை. நிராலா வங்காளத்தின் மகிஷாதலில் வளர்ந்து, வங்கமொழி படித்து, இந்தியைப் பின்னர் முயன்று கற்றவர். முக்திபோத் மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். பிரேம்சந்த் உருதுவில் எழுதத் தொடங்கி இந்திக்கு வந்தவர். ரேணுவின் வீட்டு மொழி மைதிலி. ராங்கேய ராகவ் என்ற பெயரில் எழுதிய நாவலாசிரியரின் இயற்பெயர் திருமலை நம்பாக்கம் வீரராகவ ஆச்சார்யா. தென்னாட்டு வைணவக் குடும்பத்தின் வழித்தோன்றலான அவர் 1923-இல் ஆக்ராவில் பிறந்தார். கற்றுக்கொண்டவர்களும் சேர்ந்து கட்டிய மொழிக்குள் நுழையும் இன்னொரு கற்றுக்கொண்டவராக உங்களை எண்ணிக்கொள்ளுங்கள். இந்தித் திணிப்பை எதிர்ப்பவர்களும் தயங்காமல் வரலாம். ஓர் இலக்கியத்தைப் படிப்பது எந்த அரசியல் நிலைப்பாட்டையும் விட்டுக்கொடுக்கக் கேட்பதில்லை.

முதல் படி: சான்றிதழையும் பட்டத்தையும் பிரித்தறிதல்

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இந்திக்குள் நுழைவது சென்னை தியாகராய நகரில் உள்ள தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவின் தேர்வுகள் வழியாகத்தான். காந்தியடிகளின் முயற்சியால் 1918-இல் தொடங்கிய இந்த அமைப்பு, 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா, பிரவேஷிகா, விஷாரத், பிரவீண் என்று படிப்படியாக ஏறும் இத்தேர்வுகளைப் பள்ளிப் பருவத்திலேயே முடித்துவிடும் பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம்.

இங்கே ஒரு தவறான புரிதல் பலருடைய ஆண்டுகளை வீணாக்குகிறது. விஷாரத், பிரவீண் போன்ற தேர்வுகளுக்குக் கிடைக்கும் அங்கீகாரம், அந்தந்த நிலையில் எதிர்பார்க்கப்படும் இந்தி மொழி அறிவுக்கு மட்டுமே உரியது. அவை இளங்கலைப் பட்டத்துக்கு மாற்றாகிவிடுவதில்லை. பிரவீண் முடித்துவிட்டோம், இனி நேராகக் கல்லூரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்று நம்பி, விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்ட பிறகு முறையான பட்டப்படிப்பைத் தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சபாவின் உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் வழங்கும் எம்.ஏ., முனைவர் பட்டங்கள் வேறு வகை. அவற்றையும் மேற்சொன்ன தேர்வுகளையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

ஆகவே பள்ளிப் பருவத்தில் சபா தேர்வுகள், பிறகு முறையான பல்கலைக்கழகப் பட்டம் என்பதே சரியான வரிசை. இளங்கலையில் இந்தியை முதன்மைப் பாடமாக எடுக்க முடிந்தால் நல்லது. இயலாவிட்டால், மூன்று ஆண்டுகளிலும் இந்தி ஒரு பாடமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆசிரியர் பணிக்கான விதிகள் பிற்பாடு இதைத்தான் கேட்கும். ஆங்கிலமும் பட்டப்படிப்பில் ஒரு பாடமாக இருக்கட்டும். வங்கிகளின் ராஜபாஷா (அலுவல் மொழி) அதிகாரி பணிக்கும் மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளர் பணிக்கும் அது தேவைப்படும்.

இரண்டாம் படி: காதையும் நாக்கையும் பழக்குதல்

சபா தேர்வுகளில் முதல் வகுப்பு வாங்கியவர்களும் எம்.ஏ. வகுப்பில் வாய் திறக்கத் தயங்குவதற்குக் காரணம், எழுத்தில் கற்றதை ஒலியில் கற்காததுதான். தமிழ் எழுத்தில் ‘பால்’ என்று எழுதிப் பாருங்கள். இந்தியில் அந்த ஓர் எழுத்துக்கூட்டுக்குள் நான்கு தனித்தனிச் சொற்கள் அடங்கிவிடுகின்றன: மூச்சில்லாத வல்லொலியில் தொடங்கினால் படகின் பாய், அதே ஒலியை மூச்சோடு சொன்னால் கலப்பையின் கொழு, ‘பஸ்’ என்பதில் வரும் மெல்லிய ஒலியில் தொடங்கினால் தலைமுடி, அதையே மூச்சோடு சொன்னால் நெற்றி. நம் காது இந்த நான்கையும் ஒன்றாகவே கேட்டுப் பழகியிருக்கிறது. கவிதை வகுப்பில் ஓசைநயம் பேசப்படும்போது, எதுகை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்போம்.

இதைச் சரிசெய்ய நான் கண்ட எளிய முறை, உள்ளங்கையை வாய்க்கு எதிரே நான்கு விரற்கடை தூரத்தில் வைத்துக்கொண்டு படிப்பது. மூச்சொலி வரும் இடத்தில் கையில் காற்றுப் படவேண்டும். மற்ற இடத்தில் படக் கூடாது. நாள்தோறும் பதினைந்து நிமிடம், பொருள் புரிந்த உரைநடையை இப்படி உரக்கப் படித்தால் மூன்று மாதத்தில் நாக்குக்குப் பிடிபடும். ஆகாசவாணியின் இந்திச் செய்தியைக் கேட்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் உடனே திருப்பிச் சொல்வது அடுத்த பயிற்சி. திரைப்பட வசனம் பேச்சுக்கு உதவும்; ஆனால் வகுப்பறையில் விரிவுரை ஆற்றும் இந்தியை அது தராது.

எழுத்திலும் ஒரு ஒழுங்கு வேண்டும். 1960-இல் தொடங்கப்பட்ட மத்திய இந்தி இயக்ககம் தேவநாகரி எழுத்துக்கும் இந்தி எழுத்துக்கூட்டுக்கும் தரவரையறை வெளியிட்டிருக்கிறது. ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதும் பழக்கம் ஆய்வேட்டில் உங்களைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், அந்தக் கையேட்டை இளங்கலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எங்கே எம்.ஏ. படிப்பது

தெற்கிலேயே நல்ல வாய்ப்புகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கேரளத்தின் மற்றப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றில் இந்தித் துறைகள் இயங்குகின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர சியுஇடி முதுநிலை நுழைவுத்தேர்வு எழுத வேண்டியிருக்கும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் எம்.ஏ. இந்தி இருக்கிறது, அதன் பாடநூல்களை நேரடி வகுப்பில் படிப்பவர்களும் வாங்கிப் படிக்கலாம், அவ்வளவு தெளிவாக எழுதப்பட்டவை.

ஆனாலும் என் கருத்தைக் கேட்டால், குடும்பச் சூழல் இடம்கொடுக்குமானால் இரண்டு ஆண்டுகளேனும் இந்தி நிலத்தில் வாழ்ந்து படியுங்கள் என்பேன். காசி இந்து பல்கலைக்கழகத்தின் இந்தித் துறை ராமச்சந்திர சுக்லவும் ஹஜாரி பிரசாத் துவிவேதியும் கற்பித்த இடம். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் இந்திய மொழிகள் மையம் திறனாய்வாளர் நாம்வர் சிங் வளர்த்தெடுத்தது. வார்தாவில் உள்ள மகாத்மா காந்தி சர்வதேச இந்தி பல்கலைக்கழகம் இந்திக்கென்றே நாடாளுமன்றச் சட்டத்தால் 1997-இல் நிறுவப்பட்டது. விடுதி அறையில் போஜ்புரி பேசும் நண்பரும், காய்கறிக் கடையில் அவதி பேசும் பாட்டியும் கற்றுத்தருவதை எந்தப் பாடத்திட்டமும் தராது.

நான்காம் படி: நவீன இலக்கியத்தைப் படிக்கும் வரிசை

பாடத்திட்டம் கால வரிசைப்படி போகும்: பாரதேந்து ஹரிச்சந்திரர், பிறகு 1903 முதல் 1920 வரை சரஸ்வதி இதழை நடத்திய மகாவீர் பிரசாத் துவிவேதி, பிறகு கற்பனாவாதக் கவிதை இயக்கமான சாயாவாதம், முற்போக்கு எழுத்து, அஜ்ஞேய தொகுத்து 1943-இல் வந்த ‘தார் சப்தக்’ கவிதைத் தொகுப்பு வழி புதிய சோதனைகள், நயீ கவிதா (புதுக்கவிதை), நயீ கஹானி (புதிய சிறுகதை), தலித் எழுத்து, பெண்ணெழுத்து என்று. தேர்வுக்கு இந்த வரிசை வேண்டும். ஆனால் தமிழிலிருந்து வரும் வாசகர் படிக்கத் தொடங்க வேண்டிய வரிசை இதுவல்ல. சாயாவாதக் கவிதையின் சமஸ்கிருதச் சொற்செறிவில் முதல் மாதமே மாட்டிக்கொண்டு, இந்தி இலக்கியமே செயற்கை என்று முடிவுகட்டி விலகியவர்கள் உண்டு.

1950-களின் சிறுகதையில் தொடங்குங்கள். மோகன் ராகேஷ், மன்னு பண்டாரி, அமர்காந்த், நிர்மல் வர்மா ஆகியோரின் உரைநடை, நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் பேச்சுக்கு அருகில் நிற்கிறது. அகராதியைத் தொடாமல் ஒரு கதையை முடிக்கும் நிலை வந்தபின் பிரேம்சந்துக்குப் பின்னோக்கிப் போங்கள். அதன்பின் நிராலா, பிரசாத், பந்த், மகாதேவி. ரேணுவின் ‘மைலா ஆஞ்சல்’ நாவலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1954-இல் வெளிவந்த அந்தப் படைப்பு பூர்ணியா மாவட்டத்துப் பேச்சையும் பாட்டையும் உடுக்கை ஒலியையும் எழுத்துக்குள் கொண்டுவந்தது, ஆனால் அதைச் சுவைக்க, தரநிலை இந்தி எங்கே முடிந்து வட்டாரம் எங்கே தொடங்குகிறது என்று உங்கள் காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கைடுகளைப் பற்றி ஒரு வார்த்தை உறுதியாகச் சொல்கிறேன். நான் முதன்முதலில் எதிர்கொண்ட ஆசிரியர் பணி நேர்காணலில், 1936-இல் வெளிவந்த பிரேம்சந்தின் ‘கோதான்’ நாவலிலிருந்து ஒரு பக்கத்தைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். நாவலின் நாயகன் ஹோரி ஏன் ‘மர்யாதா’ என்று சொல்லாமல் ‘மர்ஜாத்’ என்கிறான் என்று கேட்டார்கள். விவசாயிகளின் சுரண்டல், வட்டிக்கொடுமை, சாதியமைப்பு என்று கைடில் இருந்த எல்லாவற்றையும் என்னால் சொல்ல முடிந்தது. அந்த ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து நாவலை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மர்ஜாத் என்பது அந்தக் குடியானவன் வாயில் தேய்ந்த சொல். நிலம், சாதிச் சனம், வாசலில் கட்டிய மாடு, மானம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதைக் காக்கப் போய்த்தான் அவன் அழிகிறான். முடிவில் அவன் மனைவி தனியா, கயிறு திரித்து விற்றுச் சேர்த்த இருபது அணாவைக் கணவனின் குளிர்ந்த கையில் வைத்து, எதிரே நிற்கும் புரோகிதரிடம், வீட்டில் பசுவும் இல்லை, கன்றும் இல்லை, இதுதான் கோதானம் என்கிறாள். இருபது அணா என்ற அந்தக் கணக்கை மறந்துவிட்டு நாவலின் சமூகப் பார்வையைப் பற்றி எழுதப்படும் பத்துப் பக்கத்தால் பயனில்லை.

அதேபோல, சாயாவாதம் என்றால் மென்மை, கனவு, இயற்கை என்று மனப்பாடம் செய்தவர்கள், நிராலா தம் மகள் சரோஜ் இளம் வயதில் இறந்தபின் 1935-இல் எழுதிய நீண்ட இரங்கற்பாவைப் படிக்கட்டும். பத்திரிகை ஆசிரியர்கள் திருப்பியனுப்பிய கவிதைகளை ஏந்தி உட்கார்ந்திருக்கும் ஏழைத் தகப்பனின் குற்றவுணர்வும், வரதட்சிணையும் ஆடம்பரமும் இன்றித் தானே முன்னின்று மகளுக்குச் செய்வித்த திருமணமும் அதில் இருக்கின்றன. ஓர் இயக்கத்தின் பெயரைப் படைப்பாளிமேல் ஒட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பது அப்போது புரியும்.

இலக்கிய வரலாற்றைப் படிக்கும்போது அதைத் தகவலாகப் படிக்காமல் விவாதமாகப் படியுங்கள். ராமச்சந்திர சுக்ல 1929-இல் வெளியிட்ட வரலாறு, காசி நாகரி பிரச்சாரிணி சபாவின் பேரகராதிக்கு எழுதிய முன்னுரையிலிருந்து வளர்ந்தது. துளசியை உச்சத்தில் வைத்த சுக்ல, கபீரிடம் அத்தனை பரிவு காட்டவில்லை. ஹஜாரி பிரசாத் துவிவேதி 1942-இல் கபீரைப் பற்றித் தனிநூல் எழுதி அந்த மதிப்பீட்டை மாற்றினார். அவருடைய மாணவர் நாம்வர் சிங் 1982-இல் அதை ‘இரண்டாம் மரபு’ என்று பெயரிட்டு வாதிட்டார். இந்த மூன்று நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தவருக்கு, எந்த நேர்காணலிலும் சொல்வதற்குச் சொந்தமாக ஏதாவது இருக்கும்.

புத்தகம் கிடைப்பதில்லை என்ற குறை இப்போது பெரிதும் தீர்ந்துவிட்டது. வார்தா பல்கலைக்கழகம் நடத்தும் ‘ஹிந்தி சமய்’ தளத்திலும் ‘கவிதா கோஷ்’ தளத்திலும் ஏராளமான படைப்புகளை இலவசமாகப் படிக்கலாம். ஆனால் ஆய்வில் மேற்கோள் காட்டும்போது அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் இணையப் பாடத்தை நம்ப வேண்டாம்.

ஐந்தாம் படி: நெட் தேர்வு

உதவிப் பேராசிரியர் பணிக்கு, முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் அடிப்படைத் தகுதி. பட்டியலினத்தவர், பழங்குடியினர், ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 50 விழுக்காடு போதும். முனைவர் பட்டம் கட்டாயம் என்றிருந்த விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2023 ஜூலையில் மாற்றி, அதை விருப்பத் தகுதியாக்கியது. ஆனால் நடைமுறையில் நேர்காணல் வரிசையில் பலரும் முனைவர் பட்டத்தோடுதான் நிற்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

தேசியத் தேர்வு முகமை நடத்தும் நெட் தேர்வில் இந்திக்கான பாட எண் 20. பொதுத்தாளில் 50 வினாக்களுக்கு 100 மதிப்பெண், பாடத்தாளில் 100 வினாக்களுக்கு 200 மதிப்பெண், இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. பாடத்தாள் பத்து அலகுகளாக இருக்கிறது: மொழியின் வளர்ச்சி, இலக்கிய வரலாறு, இலக்கியக் கோட்பாடு, கருத்தியல் பின்னணி, கவிதை, நாவல், சிறுகதை, நாடகம், கட்டுரை, தன்வரலாறு முதலிய பிற உரைநடை வடிவங்கள்.

கவிதை அலகிலிருந்து தொடங்கும் கடைசி ஆறு அலகுகளிலும் படிக்க வேண்டிய படைப்புகள் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருப்பதுதான் இந்தித் தாளின் சிறப்பு. பிரசாத்தின் ‘காமாயனி’ என்றால் முழுக் காவியமும் இல்லை, சிரத்தை, லஜ்ஜை, இடா ஆகிய பகுதிகள் என்ற அளவுக்கு வரையறை உண்டு. எனவே மூலநூல்களை நேரடியாகப் படித்தவருக்கு, எந்த வரி எந்தப் பாத்திரம் சொன்னது என்ற வகை வினாக்கள் கைவந்துவிடும். தமிழ் மாணவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் பழைய கவிதை. பிரஜ், அவதி மொழிகளில் உள்ள சூர்தாசரையும் ஜாயசியையும் உரையோடு படிக்க ஆறு மாதமாவது ஒதுக்குங்கள்.

மதிப்பெண் வரிசையில் மேலே வருபவர்களுக்கு ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிடைக்கும்: முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். பொதுப்பிரிவினருக்கு இதற்கான வயது வரம்பு 30. 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் மதிப்பெண்ணே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஜேஆர்எஃப் கிடைக்காதவர்களுக்கு அதில் 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் எடை. அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும்.

ஆறாம் படி: ஆய்வு

2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். முதலில் பாடநெறி, பிறகு ஆய்வேடு. விதிகள் இவ்வளவுதான், கடினமானது தலைப்பைத் தேர்ந்தெடுப்பது.

தமிழிலிருந்து வரும் ஆய்வாளரிடம் நெறியாளர்கள் பெரும்பாலும் கொடுப்பது கம்பரும் துளசியும், திருக்குறளும் ரஹீமும் போன்ற ஒப்பீடுகள். எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. அரை நூற்றாண்டாக எழுதப்பட்டு, இருபுறமும் உள்ள ஒற்றுமைகளைப் பட்டியலிட்டு முடியும் ஆய்வேடுகளின் வரிசையில் இன்னொன்றைச் சேர்ப்பதால் இந்திக்கும் பயனில்லை, தமிழுக்கும் பயனில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் தொகுத்திருக்கும் ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் உங்கள் தலைப்பின் சொற்களை மாற்றி மாற்றித் தேடுங்கள். அதே பொருளில் ஏற்கெனவே நான்கு ஆய்வேடுகள் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டு மொழியிலும் மூலத்தைப் படிக்கத் தெரிந்தவரால் மட்டுமே கேட்கக்கூடிய கேள்விகள் நவீன இலக்கியத்தில் நிறைய இருக்கின்றன. பூர்ணியாவை எழுதிய ரேணுவும் கரிசலை எழுதிய கி. ராஜநாராயணனும் வட்டாரப் பேச்சை எழுத்தாக்கியபோது எடுத்த முடிவுகள் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன? கதைசொல்லியின் மொழியும் பாத்திரத்தின் மொழியும் ரேணுவிடம் எந்த இடத்தில் கலக்கின்றன? 1943-இல் தார் சப்தக் முன்வைத்த சோதனைக்கும் 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ் வளர்த்த புதுக்கவிதைக்கும், ஒரே மேலைக் கவிஞர்களைப் படித்தும் ஏன் வேறு வேறு முகம் அமைந்தது? பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது, ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ 1997-இல் வந்தது. பள்ளிக்கூடம் என்ற ஓரிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டையும் படித்தால் ஒரு முழு இயல் எழுதலாம். தலைப்பு எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு ஆழமாகத் தோண்ட முடியும்.

இலக்கியத்தைக் காட்டிலும் மொழியில் நாட்டம் உள்ளவர்களுக்கு, தமிழ் மாணவர்கள் இந்தி கற்கும்போது செய்யும் பிழைகளைத் தொகுத்து ஆராய்வது இன்றும் திறந்து கிடக்கும் களம். நூறு மாணவர்களின் கட்டுரைத் தாள்களைச் சேகரித்து, பால், வேற்றுமை, மூச்சொலி என்று வகைப்படுத்தினாலே நல்ல தரவு கையில் இருக்கும்.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புகழைப் பார்க்காமல், அவரிடம் கடைசியாக முடித்த மாணவரின் ஆய்வேட்டை ஷோத்கங்காவில் திறந்து படியுங்கள். திருத்தம் செய்து தரும் நெறியாளரா என்பது மூன்று பக்கத்தில் தெரிந்துவிடும். கருத்துத் திருட்டு விதிகள் 2018 முதல் கடுமையாகியிருக்கின்றன. ஒப்புமை பத்து விழுக்காட்டைத் தாண்டினால் கேள்வி வரும். இந்தியில் கட்டுரை எழுதும்போது மற்றவரின் வாக்கியத்தை நான்கு சொல் மாற்றி எழுதிக்கொள்வது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய சோதனை. மொழியில் நம்பிக்கை குறைவாக இருப்பதால் வரும் பழக்கம் அது. உங்கள் வாக்கியம் எளிமையாக இருந்தாலும் உங்களுடையதாக இருக்கட்டும்.

ஏழாம் படி: வேலை எங்கே இருக்கிறது

தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருப்பதால், இந்தி ஆசிரியர் தேவை மாநில அரசுப் பள்ளிகளுக்கு வெளியேதான் இருக்கிறது. கல்லூரிகளில் முதல் பகுதி மொழிப்பாடமாக இந்தியை எடுக்கும் மாணவர்களுக்காக ஒருவர் அல்லது இருவர் கொண்ட சிறு துறைகள் இயங்குகின்றன. ஒருவரே எல்லா வகுப்பையும் எடுக்க வேண்டியிருக்கும். ஆய்வுக்கு நேரம் சுருங்கும். மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் நாடு முழுவதிலிருந்தும் போட்டி. யுஜிசி ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். முனைவர் பட்டம் இருந்தால் நான்கு ஆண்டுகளிலும் நெட் மட்டும் இருந்தால் ஆறு ஆண்டுகளிலும் அடுத்த நிலைக்குத் தகுதி வரும்.

பள்ளியைக் குறைவாக எண்ண வேண்டாம். கேந்திரிய வித்யாலயாவில் டிஜிடி எனும் பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய், பிஜிடி எனும் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு 47,600 ரூபாய். இரண்டுக்கும் பி.எட். வேண்டும், டிஜிடிக்கு மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட்டின் இரண்டாம் தாளும் வேண்டும். இந்தி பேசாத மாநிலத்தவர்களுக்கு ஆக்ராவின் மத்திய இந்தி நிறுவனம் நடத்தும் பாரங்கத் பயிற்சி பி.எட்.டுக்கு இணையானது. அந்த வளாகத்தில் மணிப்பூரிலிருந்தும் மிசோரமிலிருந்தும் வந்தவர்களோடு சேர்ந்து, இந்தியை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் முறையைப் படிக்கலாம். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த இந்தி ஆசிரியர்களில் பலர் அங்கே பயின்றவர்கள்.

மூன்றாவது வழி பலருக்குத் தெரிவதில்லை. உள்துறை அமைச்சகத்தின் ராஜபாஷா துறை நடத்தும் இந்தி கற்பித்தல் திட்டம், மத்திய அரசு ஊழியர்களுக்குப் பிரபோத், பிரவீண், பிராக்ஞ, பாரங்கத் ஆகிய பயிற்சிகளை அளிக்கிறது (பெயர் ஒன்றானாலும் இந்தப் பிரவீணும் பாரங்கத்தும் மேலே சொன்னவை அல்ல). அதற்கு இந்திப் பிராத்யாபகர்கள் நியமிக்கப்படுகிறார்கள். ஐம்பது வயது எழுத்தருக்கு ஒரு புதிய மொழியைச் சொல்லிக்கொடுப்பது பொறுமையைக் கேட்கும் பணி, ஆனால் மொழி கற்பித்தலை உண்மையாகக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

எட்டாம் படி: வகுப்பறை

வேலை கிடைத்தபின்தான் நாம் கற்றுக்கொண்டவர் என்பது வலிமையாகிறது. வினைச்சொல்லின் பால் பற்றிய குழப்பத்தை எடுத்துக்கொள்வோம். ‘லட்கீ ஆயீ’ என்றால் சிறுமி வந்தாள். ஆனால் சிறுமி மாம்பழம் தின்றாள் என்பதற்கு ‘லட்கீ நே ஆம் காயா’ என்று சொல்ல வேண்டும். பெண் தின்றாலும் வினை ஆண்பாலில் நிற்கிறது. ராம் ரொட்டி தின்றால் ‘ராம் நே ரொட்டி காயீ’. ஆண் தின்றாலும் வினை பெண்பால். இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர் இதை விதி என்று சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பார், ஏனென்றால் அவர் இதை ஒருநாளும் யோசித்ததில்லை.

நம் மாணவருக்கு நான் இப்படிச் சொல்வேன்: இந்த இறந்தகால வடிவம் சமஸ்கிருதத்தின் செயப்பாட்டு எச்சத்திலிருந்து வந்தது. ‘சிறுமியால் தின்னப்பட்ட மாம்பழம்’ என்று மனத்தில் சொல்லிப் பார், வினை மாம்பழத்தோடு சேர்ந்து நிற்பது தெரியும். மாம்பழம் இந்தியில் ஆண்பால், ரொட்டி பெண்பால், அவ்வளவுதான். ‘கோ’ உருபு செயப்படுபொருளின்மேல் ஏறிவிட்டால் வினை யாரோடும் சேராமல் ஆண்பால் ஒருமையில் நின்றுவிடும் என்பதையும், கொண்டுவருதலைக் குறிக்கும் ‘லானா’, மறத்தலைக் குறிக்கும் ‘பூல்னா’ போன்ற சில வினைகளுக்கு ‘நே’ வராது என்பதையும் அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்வேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினால் அத்தனையும் மறந்துபோகும்.

எங்கே தமிழ் உதவுகிறதோ அங்கே தாராளமாகத் தமிழைக் கொண்டுவாருங்கள். ‘முஜே பூக் லகீ ஹை’ என்பதை விளக்க வேண்டியதே இல்லை. எனக்குப் பசிக்கிறது என்று நாமும் நான்காம் வேற்றுமையில்தான் சொல்கிறோம். ‘ஆ கயா’ என்றால் வந்துவிட்டான், ‘கர் தியா’ என்றால் செய்துவிட்டான். நம்முடைய விடு, கொள், போடு செய்யும் வேலையை அங்கே ஜானா, தேனா, லேனா செய்கின்றன. ‘சாய் வாய்’ என்று கேட்டதும் டீ கீ என்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள். நாம், நாங்கள் என்ற வேறுபாடு இந்தியில் இல்லை, இரண்டுக்கும் ‘ஹம்’ ஒன்றே என்று சொல்லும்போது, தம் மொழி எவ்வளவு நுணுக்கமானது என்பதையும் அவர்கள் அங்கேயே தெரிந்துகொள்கிறார்கள்.

இலக்கிய வகுப்பில் பாட்டை முதலில் இந்தியில் இருமுறை படித்துக் காட்டுங்கள். பொருள் சொல்வது பிறகு. தேர்வுக்கான குறிப்பைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: எல்லைக்கு அப்பால்

வெளிநாட்டில் இந்தி கற்பிக்கும் வாய்ப்பும் உண்டு. இந்தியக் கலாச்சார உறவுகள் மன்றம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் இந்தி இருக்கைகளுக்குப் பேராசிரியர்களை அனுப்புகிறது. டோக்கியோ அயல்மொழிப் பல்கலைக்கழகம், சியோலின் ஹான்குக் பல்கலைக்கழகம், வார்சா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இந்தி நெடுங்காலமாகக் கற்பிக்கப்படுகிறது. அங்குள்ள மாணவர்கள் நம்மைப் போலவே இலக்கணத்தை அடியிலிருந்து கற்பவர்கள். தமிழ்நாட்டு வகுப்பறையில் எழுதி வைத்த பயிற்சித் தாள்கள் அங்கே அப்படியே பயன்படும்.

பணியில் அமர்ந்த பிறகு ஆண்டுக்கு ஒரு தமிழ்ச் சிறுகதையையாவது இந்திக்கு மொழிபெயர்த்துப் பாருங்கள். ஆங்கிலம் வழியாகச் சுற்றிப்போகாமல், தமிழிலிருந்து நேராக இந்திக்குக் கொண்டுபோகக் கூடியவர்கள் மிகக் குறைவு. முதல் வரைவை முடித்ததும் ஓர் இந்தி நண்பரிடம் கொடுத்து, உங்கள் எதிரில் உட்கார்ந்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த வாக்கியத்தில் தயங்கி, பின்னால் போய் மறுபடி தொடங்குகிறாரோ, அந்த வாக்கியத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அன்று இரவே அதைத் திருத்துங்கள்.